சீமெந்தில் ஆடிய அசுரராசன்

கேதீஸ்வரி நடந்து வந்தால் முதலில் கோழிகள் விலகும், அடுத்தது நாய்கள், கடைசியில் மனிதர். அப்படியொரு நடை. நிலத்துக்கும் அவளுக்கும் தீராத வழக்கு ஒன்று இருப்பதுபோல ஒவ்வொரு அடியையும் அறைந்து வைப்பாள். பருத்த உடம்பு, வெற்றிலைச் சிவப்பு வாய், அதைவிடப் பெரிய குரல். அவள் சிரித்தால் பெரியகல்லாற்றுப் பாலத்தில் தூண்டில் போட்டிருப்பவன், மீன் கலைந்துவிட்டது என்று திட்டுவான்.

பிறந்ததும் வளர்ந்ததும் அங்கேதான், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற அந்த ஒடுங்கின மணல் துண்டில். கட்டிக்கொண்டதும் அங்கேதான். அந்தப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து குடியிருப்பான். பெண் தாய்வீட்டை விட்டு அசையமாட்டாள். அதனால் மாமி மருமகள் சண்டை என்பது ஊருக்குள் நடவாத சங்கதி. ஜெயரூபன் ஒரு பெட்டியோடும் ஒரு வீச்சுவலையோடும் வந்து சேர்ந்தான். அவனைப் பெற்ற ஆச்சிப்பிள்ளை இரண்டு தெரு தள்ளித் தன் மகளோடு இருந்தாள். வருஷப் பிறப்புக்குப் பலகாரம் கொடுத்துவிடுவாள். உறவு அவ்வளவோடு இனித்தது.

மாமி மருமகள் சண்டை இல்லாத அந்தக் குறையைக் கடல் வந்துதான் தீர்த்துவைத்தது.

சுனாமி வந்த காலையில் கேதீஸ்வரி கடைகளுக்கு இடியப்பம் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். தண்ணீர் அவளைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு மரமுந்திரிகைக் கொப்பில் மாட்டியது. அதே கொப்பில் யாருடையதோ ஒரு கிடாயாடும் மாட்டியிருந்தது. நெடுநேரம் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி இருந்தார்கள். இறக்க வந்த பொடியன்கள் முதலில் ஆட்டைத்தான் இறக்கினார்கள். அது பாரம் குறைவு. இதை அவளே சொல்லி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். ஜெயரூபனை வாவிப் பக்கம் பிணமாகத்தான் எடுத்தார்கள். அதைச் சொல்லும்போது சிரிக்கவும் மாட்டாள், அழவும் மாட்டாள். சுளகை எடுத்து அரிசி புடைக்கத் தொடங்கிவிடுவாள்.

ஆச்சிப்பிள்ளைக்கு மகனோடு மகளும் போனாள், வீடும் போயிற்று. கேதீஸ்வரியின் வீட்டிலும் அத்திவாரம்தான் மிஞ்சியது. முகாமில் யாரோ ஒருவர் இருவரையும் ஒரே குடும்பம் என்று பதிந்துவிட்டார். வாவியோரத்துப் புதுக் குடியிருப்பில் வீடு கிடைத்தபோது மாமியும் மருமகளும் ஒரே கூரை, ஒரே அடுப்பு. அந்த ஊரின் முதல் மாமி மருமகள் சண்டை அந்த அடுப்படியில்தான் நடந்தது. அக்கம்பக்கத்தார் கதிரை போட்டிருந்து பார்த்தார்கள். அவர்களுக்கும் பொழுது போகவேண்டாமா?

சுனாமிக் காசு வந்த காலம் சீமெந்துக் காலம். கிணற்றடிக்குச் சீமெந்து, கக்கூசுக்குச் சீமெந்து, மண்ணைக் கண்டாலே வெட்கம் என்பதுபோல. குடியிருப்பின் நடுவில் ஒரு வெளிநாட்டு நிறுவனம் பொதுமண்டபம் கட்டிக்கொடுத்தது. தரை கண்ணாடிபோல, முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம். கடைசியாக, யுத்தம் முடிகிற வருஷத்தில், லண்டனில் இருக்கிற ஒருவர் அனுப்பிய காசில் அம்மன் கோயில் முன்றலுக்கும் சீமெந்து போட்டுவிட்டார்கள். எல்லாரும் நின்று கைதட்டினார்கள்.

யுத்தம் முடிந்தது. சந்தியில் நிற்கும் ஆமிக்காரன் அடையாள அட்டையைக் கேட்காமலேயே கொட்டாவி விட்ட நாளில், கூத்துப் பழக்கும் அண்ணாவியார் விநாயகமூர்த்தி மத்தளத்தைத் தூசி தட்டி எடுத்தார். இனிக் கூத்து ஆடலாம்! அவரே கட்டிய கதை ஒன்று இருந்தது. கரிமேகன் என்றொரு அசுரராசன்; உலகத்து மேகமெல்லாம் தனக்கே வேண்டுமென்று களவெடுத்துக் குகைக்குள் பூட்டிவைக்கிறான். மழையில்லாமல் வயல்வட்டையெல்லாம் காய்கிறது. கடைசியில் அவன் பெற்ற மகளே பூட்டைத் திறந்து மேகத்தை விட்டுவிடுகிறாள். நல்ல கதை. ஆடத்தான் ஆளில்லை. ஊர் ஆம்பிளைகளில் கடல் கொண்டது பாதி, சண்டை கொண்டது கால்வாசி, மிச்சத்தில் கட்டார் வேலை கொண்டது போக எஞ்சினதைக் கசிப்புச் சாராயம் கொண்டிருந்தது. அந்த எஞ்சினதைத்தான் அண்ணாவியார் பிடித்துவந்தார். முதல் நாளே அசுரராசன், ஆடுகிற வட்டமான களரியின் நடுவில் படுத்துக் குறட்டை விட்டான்.

அன்றைக்குப் பழக வந்தவர்களுக்கு இடியப்பமும் சொதியும் கொண்டுபோனவள் கேதீஸ்வரி. குறட்டை விட்டவனைப் பார்த்தாள். இடியப்பப் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, "அசுரன் எண்டா இப்பிடி வரணும்" என்று சொல்லி மூன்று அடி வைத்தாள். அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக் கூரைத் தகரம் அதிர்ந்தது. குறட்டை விட்டவன் எழும்பி ஓடினான்.

அண்ணாவியாருடைய கை மத்தளத்தில் அப்படியே நின்றுவிட்டது.

"புள்ள, இன்னொருக்கா மிதி பாப்பம்."

"சும்மா பகிடிக்கு மிதிச்சன் அண்ணாவியார்."

"அதே பகிடியை இன்னொருக்கா மிதி."

மிதித்தாள். அவர் தாளம் போட்டார். அவள் தாளத்தைத் துரத்தினாள், தாளம் அவளைத் துரத்தியது. முடிந்தபோது இருவருக்கும் மூச்சு வாங்கியது.

"பொம்பிளை ஆடலாமா அண்ணாவியார்?"

"இம்பட்டுக் காலமும் ஆம்பிளையள் சீலை கட்டி ராசாத்தியா ஆடக்குள்ள ஆரும் ஒண்டும் கதைக்கல்ல. பொம்பிளை மீசை வச்சா மட்டும் வானம் இடிஞ்சு விழுந்திருமா?" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவர், உடனே சுற்றுமுற்றும் பார்த்துக் குரலை இறக்கினார். "இதை நான் சொன்னண்டு என்ட பொஞ்சாதிட்டப் போய்ச் சொல்லிராத."

ஒரு கிழமைக்குள் பெண்கள் கூடிவிட்டார்கள். அசுரனின் மகளாக நிருஷா என்று ஒரு தையல்காரப் பெண். மந்திரி, சேனாதிபதி, இந்திரன், எல்லாம் பெண்கள்தான். வீட்டில் ஆச்சிப்பிள்ளை உலக்கையைக் கீழே போட்டாள்.

"தாலியறுத்தவள் காலில சதங்கை கட்டுறதா? ஊர் சிரிக்கும்கா!"

"சிரிக்கட்டும் மாமி. அழுதழுது எல்லாற்ற கண்ணும் பூத்துப்போய்க் கிடக்கு. ஒருக்கா வாய் திறந்து சிரிக்கட்டுமே."

மாரி பிடித்தது. வெளியில் முழங்கால் தண்ணீர். மணலில் களரி கட்ட வழியில்லை. கண்ணாடித் தரை மண்டபம் சும்மாதானே கிடக்கிறது? அங்கே தொடங்கினார்கள். வெறுங்காலோடு, வட்டம் வட்டமாக, பொழுது சாயும்வரை. மண்ணில் மிதித்தால் சத்தம் மண்ணுக்குள் போகும். சீமெந்தில் மிதித்தால் சத்தம் திரும்பி வந்து நெஞ்சில் அடிக்கும். கேதீஸ்வரிக்கு அந்தச் சத்தம் கள்ளைவிட ஏறியது. வீட்டிலும் சும்மா இருக்கமாட்டாள். இடியப்ப உரலை அமத்தும்போது கால் தன்பாட்டில் குசினித் தரையில் தாளம் போடும். வருஷக்கணக்காக நிவாரண வரிசையில் நின்றவள். அரிசிக்கு வரிசை, கூரைத் தகரத்துக்கு வரிசை, செத்தவருக்குச் சான்று எடுக்கவும் வரிசை. களரியில் மட்டும் வரிசை இல்லை. அங்கே அவள் வர, மற்றவர்கள் விலகி நின்றார்கள். இந்தக் கூத்தை ஆடிமுடிக்காமல் சாவதில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை; சொன்னால் சின்னதாகிவிடும்.

நல்லநாள் பார்த்துச் சதங்கை கட்டினார்கள். அந்தக் கிழமைதான் கால் நோகத் தொடங்கியது.

வலக்கால், இரண்டாம் விரலுக்குப் பின்னால், பாதத்தின் மேற்பக்கம். முதலில் ஆட்டத்தின் கடைசியில் மட்டும் சுள்ளென்றது. இரவு கால் நீட்டிப் படுத்தால் விடியப் போய்விடும். போய்விட்டது என்று மறுபடி மிதிப்பாள். பிறகு ஆட்டத்தின் நடுவிலேயே வந்தது. பிறகு கிணற்றடிக்குப் போகவே வந்தது. மேற்பாதம் அரைக் கோழிமுட்டையைக் கவிழ்த்துவைத்ததுபோல வீங்கியது. விழவில்லை, முள் குத்தவில்லை, உலக்கை விழவில்லை. ஒரு காரணமும் இல்லாத நோவை எப்படி ஊருக்குச் சொல்வது? பாதத்தின் வெளி ஓரத்தை ஊன்றிக் கோணிக்கோணி நடந்தாள். கோழிகள் விலகவில்லை. அதுதான் அவளுக்குப் பெரிய அவமானம்.

ஆச்சிப்பிள்ளை கண்டுபிடித்துவிட்டாள். நோவெண்ணெய்ப் போத்தலை எடுத்துவந்து மருமகளின் காலை மடியில் வைத்து, இவ்வளவு காலச் சண்டையையும் கட்டைவிரலில் திரட்டித் தேய்த்தாள்.

"ஐயோ மாமி, உயிர் போகுது!"

"சுளுக்கு எண்டா அப்பிடித்தான் போகும். கத்தாத."

தேய்த்த கையோடு உப்பு ஒத்தணம். ஒத்தணத்தோடு மறுநாள் ஆட்டம். மறுநாள் மாலை மருமகளைக் கைத்தாங்கலாகத்தான் கொண்டுவந்து விட்டார்கள். ஆச்சிப்பிள்ளை எண்ணெய்ப் போத்தலை மூடினாள். இது எண்ணெய்க்கு அடங்குகிற நோவு இல்லை. சதங்கை கட்டின கால். கட்டின பிறகு வந்த நோவு. நேரே அம்மன் கோயிலுக்குப் போனாள்.

அங்கே தெய்வம் ஆடுகிறவர் சாமித்தம்பி. நல்ல மனிதர், வாய் அதிகம் இல்லை. உடுக்கு அடித்தால் மட்டும் வேறு ஆள். முன்றலில் துள்ளித் துள்ளி ஆடி, அம்மன் வாக்காகக் கட்டுச் சொன்னார்: "பொம்பிளைக் காலில மணி கட்டினது பிழை. காலைத்தான் கேப்பன்!"

கோயில் பொறுப்பாளரான வண்ணக்கர் அன்றைக்கே அண்ணாவியாரைக் கூப்பிட்டார். கூத்து நிற்கட்டும், தையில் ஒரு வெள்ளிக்கிழமைப் பூசையில் மறுபடி கேட்போம், அம்மன் மனம் மாறாவிட்டால் சதங்கையைக் கோயிலில் ஒப்படைக்கவேண்டியதுதான். அண்ணாவியார் தலையை ஆட்டிவிட்டு வந்து மத்தளத்தைக் கட்டிலுக்குக் கீழே ஒளித்தார். பெண்சாதிக்குப் பயமா, தெய்வத்துக்குப் பயமா என்று அவருக்கே தெரியவில்லை.

கேதீஸ்வரி மஜீட்டின் ஓட்டோவில் ஏறி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனாள். மஜீட் குருக்கள்மடம் தாண்டும்வரை சிரிப்பை அடக்கிப் பார்த்தான்.

"கேதீஸ் அக்கா, அசுரன் ஓட்டோவில போறதை நான் இண்டைக்குத்தான் பாக்கன்."

"வாயை மூடிட்டு ஓட்டு. குழியில விழுத்தினியோ, உன்னையும் பூட்டிவைப்பன் மேகத்தோட."

நஸீறா டொக்டர் சின்ன உருவம். கதைக்கும்போது கண்ணாடிக்கு மேலால் பார்ப்பார்.

"எங்க நோகுது?"

"காலில."

"காலில எங்க? ஒரு விரலால தொட்டுக் காட்டுங்க."

கேதீஸ்வரி ஒரு விரலை வைத்தாள். டொக்டர் குதிக்காலை அமத்தினார், ஒன்றுமில்லை. கணுக்காலைத் திருப்பினார், ஒன்றுமில்லை. விரல் எலும்புகளை ஒவ்வொன்றாகத் தடவி வந்து, காட்டின இடத்தில் ஒரு விரலால் அமத்தினார். கேதீஸ்வரி உதைத்த உதையில் நேர்ஸின் தட்டு பறந்தது.

"சரி, இடம் தெரிஞ்சிட்டு" என்றார் டொக்டர் அமைதியாக. "விழுந்தீங்களா?"

"இல்ல."

"புதுசா ஏதாவது வேலை? கூடுதலா நடை, ஓட்டம்?"

"நான் இடியப்பம் அவிச்சு விக்கிறவ."

"இடியப்பம் காலாலயா அவிக்கிறீங்க?"

மறைக்க முடியவில்லை. கூத்து, அசுரன், வெறுங்கால், கண்ணாடித் தரை எல்லாவற்றையும் கொட்டினாள். டொக்டர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். எக்ஸ்ரேக்கு அனுப்பினார். படம் வந்தது. படத்தில் ஒன்றுமில்லை.

கேதீஸ்வரியின் முகம் கறுத்தது. "அப்ப அம்மன்தானா?"

"அவசரப்படாதீங்க. எலும்பில மயிர் மாதிரி ஒரு வெடிப்பு. இப்ப படத்தில தெரியாது. உடம்பு அதைச் சுத்திப் புது எலும்பு வைக்கத் தொடங்கினாத்தான் வெள்ளையாத் தெரியும். ரெண்டு மூணு கிழமையில வாங்க, திரும்ப எடுப்பம்."

"விழாம எப்பிடி வெடிக்கும்?"

"இரும்புக் கம்பியை ஒரு அடியில முறிக்க ஏலாது. இங்கயும் அங்கயும் வளைச்சு வளைச்சுப் பாருங்க."

"ஓம்... என்ட இடியப்ப உரல்ட பிடியும் அப்பிடித்தான் போனது. ஆரும் அடிக்கல்ல. அமத்தி அமத்தியே வெடிச்சிச்சு."

"அதேதான். எலும்பு ஒவ்வொரு நாளும் தன்னைத் தானே திருத்தும். நீங்க திருத்த விடல்ல. திடீரெண்டு கூடுதலா, வெறுங்காலோட, சீமெந்தில. பட்டாளத்தில புதுசாச் சேந்து பரேட் பழகிற பொடியன்மாருக்கும் இது வரும்."

"ஐயோ டொக்டர், இதை வெளிய சொல்லிராதீங்க. சந்தியில நிக்கிற ஆமிக்காரன் நான் எங்க பரேட் பழகினண்டு கேப்பான்!"

டொக்டர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை மடித்துவைத்துவிட்டுச் சொன்னார். எண்ணெய் போட்டுத் தேய்க்கவே கூடாது. வெடித்த எலும்பை யாரும் பிசைவார்களா? அடி வளையாத தடித்த சப்பாத்துப் போடவேண்டும். ஊன்றத் தடி ஒன்று. இருக்கும்போது காலை உயர்த்தி வைக்கவேண்டும். நெத்தலி, கீரை, பால் தின்னவேண்டும், உடம்பில் வெயில் படவேண்டும். ஒன்றரை இரண்டு மாசம் ஆட்டம் இல்லை.

"நோவு குறைஞ்சிட்டெண்டு இடையில போய் மிதிச்சீங்களோ, முழுசா முறிஞ்சிரும். பொறகு கம்பி வைக்கிற கதை."

"பொறகு ஆடுவனா?"

"ஆடுவீங்க. இப்ப சும்மா இருந்தாப் பொறகு ஆடுவீங்க."

ஊர் வாசலிலேயே காத்திருந்தது. படத்தில் ஒன்றுமில்லை என்ற பாதியை மட்டும் பிடித்துக்கொண்டது. மெசினுக்கே தெரியாத நோவு என்றால் அது வேறு என்ன? ஆச்சிப்பிள்ளை வேப்பிலை கட்டினாள்.

கேதீஸ்வரி வாதாடவில்லை. பிறந்ததிலிருந்து முதல்முறையாக இருந்த இடத்தில் இருந்தாள். மஜீட் சவூதியில் இருந்து வந்த தன் தம்பியின் பழைய வேலைச் சப்பாத்து ஒன்றைக் கொடுத்தான். ஒரு காலில் மலைபோலச் சப்பாத்து, மற்றக் காலில் செருப்பு. அரிசிச் சாக்கில் காலைத் தூக்கிவைத்து, அசுரராசனைப்போல வீட்டை ஆண்டாள். இடியப்பம் ஆச்சிப்பிள்ளையின் தலையில் விழுந்தது. அவளுடைய இடியப்பம் கயிறுபோல வந்தது. கடைக்காரர், தோணி கட்ட எடுக்கிறோம் என்று சொல்லியனுப்பினார்.

"மாமி, மாவுக்குக் கொதிதண்ணி காணாது!"

"நீ கதைக்காத. உனக்குத் தெய்வக் குத்தம்."

"தெய்வக் குத்தம் எனக்கு. இடியப்பத்துக்கு என்ன குத்தம்?"

ஒருநாள் நிருஷா பின்வாசலால் வந்தாள். அவளுக்கும் இடக்காலில் லேசாக நோவு. "ஒரு விரலால காட்டு" என்றாள் கேதீஸ்வரி, டொக்டரின் குரலிலேயே. காட்டினாள். அமத்தினாள். நிருஷா துள்ளினாள். "வாயை மூடிட்டு நாளைக்கே டொக்டரிட்டப் போ. தையல் மெசினையும் அந்தக் காலால மிதிக்காத." முளையிலேயே பிடித்ததால் அவளுக்குக் கெதியில் சரிவந்தது. ஊருக்குச் சொல்லவில்லை. சொன்னால் அம்மன் இரண்டாவது காலையும் கேட்டாள் என்பார்கள்.

இரண்டாம் படம் வந்தது. டொக்டர் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இரண்டாம் எலும்பைச் சுற்றி, இலவம்பஞ்சு ஒட்டினதுபோல வெள்ளையாக ஒரு பூச்சு. "இதுதான் புது எலும்பு. உங்கட உடம்பு போட்ட சீமெந்து." கேதீஸ்வரி சிரித்த சிரிப்பில் வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

படத்தை நேரே கோயிலுக்குக் கொண்டுபோனாள். வண்ணக்கர் தலைகீழாகப் பிடித்துச் சூரியனுக்குக் காட்டினார்.

"இது ஆட்டுக்காலா?"

"என்ட கால்! எலும்பு வெடிச்சுப் பொருந்திற்று. சீமெந்தில மிதிச்சதால வெடிச்சது. அம்மன் ஒண்டும் செய்யல்ல."

வண்ணக்கர் யோசித்தார். முட்டாள் இல்லை அவர். "வெடிச்சது சரி. வெடிக்க வச்சது ஆரு?"

கேதீஸ்வரி படத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எக்ஸ்ரேயில் ஆள் பெயர் விழுவதில்லை. சப்பாத்தை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அன்றைக்கு ஆச்சிப்பிள்ளையோடு சண்டைகூடப் பிடிக்கவில்லை. ஆச்சிப்பிள்ளை பயந்துபோய் இரண்டுதரம் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

தை வெள்ளி வந்தது. பகற்பூசை. வெயில் சீமெந்து முன்றலில் தகதகத்தது. ஊர் முழுவதும் கூடியிருந்தது. சதங்கைகள் ஒரு தட்டில் வைக்கப்பட்டிருந்தன. அண்ணாவியார் ஆக்களுக்குப் பின்னால் நின்றார், அவருடைய பெண்சாதி அவருக்குப் பின்னால் நின்றாள். உடுக்கு அதிர்ந்தது. சாமித்தம்பி உருவேறி முன்றலில் இறங்கினார். வலக்கால் அறைந்து விழுந்தது. இடக்கால் விழவில்லை, மெல்ல வந்து, வெளி ஓரத்தில் கோணி ஊன்றியது.

எல்லாரும் அவருடைய முகத்தைப் பார்த்தார்கள். கேதீஸ்வரி காலைப் பார்த்தாள். அந்தக் கோணலை அவளுக்குத் தெரியும். அதே கோணலோடு ஒரு மாதம் கிணற்றடிக்குப் போய்வந்தவள் அவள். மேற்பாதத்தில் ஒரு வீக்கம், அரைக் கோழிமுட்டை.

சாமித்தம்பி ஆடி ஆடி அவள் முன்னால் வந்து நின்றார். கட்டுச் சொல்ல வாய் திறந்தார். அவள் தடியைப் போட்டுவிட்டு, கும்பிடுவதற்குக் குனிவதுபோலக் குனிந்தாள். இடப்பாதத்தில், இரண்டாம் விரலுக்குப் பின்னால், ஒரே ஒரு விரலை வைத்து அமத்தினாள்.

"என்ட அம்மோ!"

அது அம்மனின் குரல் இல்லை. சாமித்தம்பி ஒற்றைக்காலில் நின்று முன்றலை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். உடுக்கு நின்றது.

கேதீஸ்வரி கை கூப்பிக் கேட்டாள், பாலும் பழமும் கலந்த குரலில்: "தாயே, உங்களுக்கும் நோகுதா?"

"மூண்டு கிழமையா நோகுது புள்ள" என்றார் சாமித்தம்பி, வேர்த்து வடிந்துகொண்டு. "நடக்கவே ஏலாம இரிக்கு. ஆரிட்டச் சொல்ல?"

ஆச்சிப்பிள்ளைதான் முதலில் வாய் திறந்தாள். "தம்பி, நீ எப்ப காலில சதங்கை கட்டின?"

யாரோ ஒருத்தி மூக்கால் சிரித்தாள். அது பக்கத்தில் இருந்தவளுக்குத் தொற்றியது, அவளிடமிருந்து பின்வரிசைக்குப் போயிற்று. கற்பூரத்தட்டு வைத்திருந்தவர் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அண்ணாவியாரின் பெண்சாதி அண்ணாவியாரின் தோளில் தலையை வைத்துச் சிரித்தாள். அவருக்கு அது கலியாணம் முடித்த பிறகு கிடைத்த பெரிய பாக்கியம். கடல் வந்த பிறகு அந்த ஊர் அப்படி ஒன்றாகச் சிரித்ததில்லை. கடைசியில் சாமித்தம்பியும் காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அம்மாளில பிழை இல்ல" என்றாள் கேதீஸ்வரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அவ எங்கயும் நிப்பா. கால் மனிசன்ட கால். போன வருசம் வரைக்கும் நீங்க மணலில ஆடினீங்க, ஒண்டும் நடக்கல்ல. வெளிநாட்டுக் காசுக்கு நீங்களும் நானும் எலும்பைக் குடுத்திரிக்கம்."

வண்ணக்கர் சீமெந்தைக் காலால் தட்டிப் பார்த்தார். தட்டின கால் நொந்திருக்கவேண்டும், உடனே எடுத்துக்கொண்டார்.

அன்று பின்னேரமே மஜீட்டின் ஓட்டோவில் தெய்வமும் அசுரனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து போனார்கள். மஜீட்டுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தது. நஸீறா டொக்டர் கண்ணாடிக்கு மேலால் இருவரையும் பார்த்தார்.

"உங்கட ஊரில நடக்கிற ஆக்களே இல்லையா? எல்லாரும் ஆடுறதுதானா?"

அடுத்த பூசைக்குச் சாமித்தம்பியால் ஆட முடியாது, டொக்டர் தடுத்துவிட்டார். கதிரை போட்டு, ஸ்டூலில் கால் வைத்து, அம்மன் முதல்முறையாக இருந்தபடி கட்டுச் சொன்னாள்: "ஆடு. மண்ணில ஆடு." சதங்கைத் தட்டு அண்ணாவியார் கைக்கு வந்தது. வண்ணக்கர் உழவு மெசினில் மணல் ஏற்றிவந்து முன்றல் முழுக்க முழங்காலளவுக்குக் கொட்டினார். லண்டன்காரருக்குப் போட்டோ அனுப்பவில்லை.

கேதீஸ்வரிக்குத்தான் பொறுமை போதவில்லை. டொக்டர் முதலில் சப்பாத்தோடு நடக்கவிட்டார். பிறகு சப்பாத்து இல்லாமல் மணலில் நடை. பிறகுதான் அண்ணாவியார் மெதுதாளம் போட, பாதி அடி. நோவு எட்டிப் பார்த்தால் உடனே நிறுத்தவேண்டும். மற்றவர்கள் துள்ளும்போது அவள் நின்ற இடத்தில் நின்று கோபத்தில் பாட்டை மட்டும் பாடினாள். அந்தக் கோபம் அசுரனுக்கு நன்றாகவே பொருந்தியது. சாமித்தம்பியும் ஓரத்தில் கால் நீட்டி இருந்து, சல்லரித் தாளம் தட்டினார். பங்குனி முடிந்து, சித்திரையும் பிறந்து, ஒருநாள் டொக்டர் காலை அமத்திப் பார்த்தார். கேதீஸ்வரி உதைக்கவில்லை.

"போய் ஆடுங்க" என்றார். "சீமெந்தில மட்டும் ஏறாதீங்க."

அரங்கேற்றத்தைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கேட்காவிட்டாலும் சொல்வார்கள். அதற்கடுத்த நாள், வழக்கப்படி வீட்டுக்கு வீடு போய் ஆடினார்கள். பட்டப்பகல். பிரம்பு வளையம் வைத்துத் தைத்த கரப்புடுப்பு, ராசமுடி, கரிக்கோட்டு மீசை, காலில் சதங்கை. தெரு மணலில் அசுரராசன் வர, கோழிகள் அலறிக்கொண்டு வேலி பாய்ந்தன.

கடைசியில் அவளுடைய வீட்டு வேலிப் படலை. ஆச்சிப்பிள்ளை புதுச்சீலை உடுத்து, தேங்காயும் வெற்றிலையும் தட்டில் வைத்து, உள்வாசலில் நிமிர்ந்து நின்றாள். வாசல் முழுக்கச் சீமெந்து. அசுரராசன் படலையோடு நின்றுவிட்டான்.

"என்னகா, என்ட வாசலுக்கு ராசா வரமாட்டாராமா?"

"ராசா சீமெந்தில ஏறமாட்டார் மாமி. டொக்டர்ட கட்டளை. நீங்க இறங்கி வாங்க."

"நான் வயசுக்கு மூத்தவள்!"

"நான் அசுரன்!"

மத்தளம் காத்திருந்தது. ஆச்சிப்பிள்ளை தட்டைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள், மீசை வைத்த மருமகளைப் பார்த்தாள். வாய்க்குள் ஏதோ திட்டிக்கொண்டு, சீலையை ஒரு கையால் தூக்கி, மணலில் இறங்கினாள். தட்டை வாங்கின நிருஷா அவளுடைய கையை விடவில்லை. அண்ணாவியார் பெண்சாதியின் முகத்தை ஒருதரம் பார்த்தார், அவள் தலையசைத்தாள். மத்தளத்தை ஓங்கி அறைந்தார். வட்டம் சுற்றத் தொடங்கியது, ஆச்சிப்பிள்ளையும் நடுவில்.

"விடுங்கடி! எனக்கு ஆடத் தெரியாதுடி!" என்று கத்திக்கொண்டே மிதித்தாள். தாளம் பிசகவில்லை.